நீர்வாட்டம்

யாழ்ப்பாணத்து வளவுகளிற் குளிப்பதற்கென்று தனியறை அமைக்கும் வழக்கம் பிற்காலத்தது. கிணற்றடியே குளிக்குமிடம். அங்கு இடப்பட்ட தளம் கல்லாயினும் சீமெந்தாயினும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். துலாவினால் அள்ளி வார்க்கப்படும் நீர் அச்சரிவின் வழியே ஓடி, சிறு வாய்க்காலொன்றை அடைந்து, வாழையடிக்கும் கமுகடிக்கும் சென்று சேரும். குளிப்பவர் தம்மை நனைப்பதோடு தோட்டத்தையும் நனைத்துவிடுகின்றார். இச்சரிவினை மேசன்மார் 'வாட்டம்' என்பர். வாட்டம் பிசகினால் நீர் தேங்கும்; பாசி படரும்; கால் வழுக்கும். எனவே குளிக்குமிடத்தின் தளம் சரிந்திருத்தல் வேண்டும் என்பதும், அது நனைவதற்கென்றே அமைந்தது என்பதும் அவ்வூரிற் பிறந்த எவர்க்கும் கற்பிக்க வேண்டாதவை.

ஆங்கிலேயரின் பழைய வீடுகளிலுள்ள குளியலறையோ இதற்கு நேர்மாறான கொள்கையின் மேல் அமைந்தது. அங்கு நீர் முழுவதும் தொட்டிக்குள்ளேயே அடங்கிவிடல் வேண்டும். தளத்துக்கு நீரோடு யாதொரு தொடர்பும் இல்லை. அதில் வடிகாலும் இல்லை. மரப்பலகையால் அமைந்த அத்தளம் உலர்ந்தும் மட்டமாயும் கிடப்பதே முறை. இவ்விரு கொள்கைகளும் இருபத்தொரு ஆண்டுகள் ஒரே அறையிற் குடியிருந்தமையால் நேர்ந்ததே ஈண்டுக் கூறப்படுவது.

இலண்டன் மாநகரின் கிழக்கே, கிழக்கு ஹாம் பகுதியில், ஏறத்தாழ 1900 ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட வரிசை வீடொன்றை அவர் 1991 ஆம் ஆண்டு வாங்கினார். தாயகத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்திலே தொழில்நுட்ப உதவியாளராகப் பணிபுரிந்தவர். இரணைமடுக் குளத்து வாய்க்கால்களுக்கு மட்டம் பிடித்தவர். நிலத்துக்கு எவ்வளவு வாட்டம் கொடுத்தால் நீர் கரையை அரிக்காமலும் இடையிலே தேங்காமலும் செல்லும் என்பதே அவருடைய கல்வி. அக்கல்விக்கு இலண்டனில் எவரும் விலை கூறவில்லை. பெற்றோல் நிலையமொன்றிற் காசாளராகவே அவருடைய எஞ்சிய உழைப்புக்காலம் கழிந்தது.

வாங்கிய வீட்டின் குளியலறை கீழ்த்தளத்தில், சமையலறையை அடுத்து அமைந்திருந்தது. வீடு கட்டப்பட்டபோது அது குளியலறையாக இருக்கவில்லை. இத்தகைய வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்குக் குளியலறையே இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரும் அடுப்படியிலே தகரத்தொட்டியை வைத்துக் குளித்த குடும்பங்கள் இங்கிலாந்தில் ஏராளம். பின்னாளில் எவரோ ஒருவர் அவ்வறையின் பலகைத் தளத்தின் மீதே குளியற்றொட்டியை ஏற்றி, மலசல இருக்கையையும் பொருத்தி, பலகைகளை வைனில் விரிப்பொன்றால் மறைத்துவிட்டார்.

பலகைத் தளம் எனினும் அதன் கீழே மண் இல்லை. இது யாழ்ப்பாணத்தவர்க்கு எளிதில் மனங்கொள்ளாத செய்தி. சாணி மெழுகிய மண்தரையாயினும் பளபளக்கும் சீமெந்துத் தரையாயினும் அங்கு நிலத்தின் மேலேயே நிற்கின்றோம் என்ற உறுதி காலுக்கு உண்டு. கிழக்கு ஹாம் வீட்டிலோ பலகைகள் தீராந்திகளின் மேலும், தீராந்திகள் சுவரின் மேலும் சிறு செங்கற்கட்டுகளின் மேலும் தங்கியிருக்க, அவற்றின் கீழே ஒன்றரை அடி ஆழத்தில் இருண்ட அடிவெளியொன்று கிடந்தது. அவ்வெளியிலே ஈரம் தங்கி மரம் உளுத்துவிடாதிருத்தற்பொருட்டுப் புறச்சுவரின் அடியிலே துளையிட்ட செங்கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு புறத்துத் துளையால் நுழையும் காற்று மறுபுறத்துத் துளையால் வெளியேறும். மரத்தின் உயிர் அக்காற்றிலேயே தங்கியுள்ளது. ஆயின் அதே காற்று பலகைகளின் இடுக்குகள் வழியாகவும், நீர்க்குழாய்கள் மேலேறும் துளைகள் வழியாகவும் அறைக்குள்ளே வந்து நனைந்த காலைத் தீண்டும். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று நாற்றிசைக் காற்றுக்கும் பெயரிட்ட மக்களிடம் காலின் அடியிலிருந்து எழும் காற்றுக்குப் பெயரில்லை. கீழ்க்காற்று என்று சொல்லலாமெனின், அது கிழக்குக் காற்றைக் குறித்துவிடும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தவர்களுள் அவருடைய தாயாரும் ஒருவர். 1997 ஆம் ஆண்டு மகனிடம் வந்து சேர்ந்தார். தொட்டிக்குள் இறங்கிக் குளிப்பது தாயாருக்கு ஒவ்வவில்லை. தான் அமர்ந்த நீரிலேயே தன் உடலைக் கழுவுவது எவ்வாறு சுத்தமாகும் என்பது தாயாரின் வினா; அதற்கு விடை கூறவல்லார் அவ்வீட்டில் இல்லை. ஆகவே தொட்டியின் அருகே, வைனில் விரிப்பின் மீது சிறு முக்காலியொன்றை இட்டு, வாளியில் நீர் நிரப்பி, சருவச்சட்டியால் அள்ளி வார்த்தே குளித்து வந்தார். குளித்து முடிந்ததும் துணியால் தளத்தைத் துடைத்துவிடுவார். அவ்வளவு கவனமாகத் துடைத்த தாயாரை எவர்தாம் குறை கூறுவர்?

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாட் காலை, அம்முக்காலியிலிருந்து எழுந்தபோது தளத்தின் பலகையொன்று சற்றே தாழ்ந்தது. தாயார் விழுந்தார். எண்பத்துநான்கு வயதில் இடுப்பெலும்பு முறிவது எத்தகையது என்பதை விரிக்க வேண்டியதில்லை. சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினால் மார்ச் நடுப்பகுதியில் வீடு செல்லலாம் என்றனர். வீட்டைப் பார்வையிட வந்த சிகிச்சையாளர் குளியலறை வாயிலில் நின்று, தளத்தைத் தம் காலால் இருமுறை அழுத்திப் பார்த்தார். தளம் திருத்தப்பட்டாலன்றி நடைச்சட்டத்துடன் எவரும் இதற்குள் நுழையலாகாது என்பது அவருடைய முடிவு. ஆகத் திருத்த வேலைக்குக் கிடைத்த காலம் ஐந்து வாரம்.

அவருடைய மகள் அதற்கிடையில் லமினேற் பலகைப் பெட்டிகள் நான்கினை வாங்கிக் கொணர்ந்து நடையில் அடுக்கிவிட்டாள். லமினேற் என்பது 1977 ஆம் ஆண்டு சுவீடனிற் பேர்ஸ்ரோப் நிறுவனம் உருவாக்கியது. பேர்கோ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. மரத்தூளை நாராக்கி இறுக்கிய அட்டையின் மேல் மரத்தின் ஒளிப்படம் பதித்த தாளை ஒட்டி, அதன் மேல் மெலமைன் பிசினால் கடினமான மேற்பூச்சொன்றை ஏற்றினால் லமினேற் ஆகும். மரம்போலத் தோன்றுவது மரத்தின் படமே. ஈரம் மிகுந்த அறைக்கு இஃது உகந்ததன்று என்றும், மூட்டுகளின் வழியே நீர் நுழைந்தால் உள்ளிருக்கும் அட்டை வீங்கி விளிம்பு எழும் என்றும் கூறுவர், அது மெய்யே. நீரைத் தாங்கவல்லவை என்று பிற்காலத்தில் விற்கப்படும் வகைகளும் சிந்திய நீரைச் சிறிது காலம் பொறுக்குமேயன்றி ஊற்றிய நீரைப் பொறா. வைனில் விரிப்பே அவ்வறைக்குத் தக்கதாயிருந்திருக்கும். ஆயின் மகள் தன் சம்பளத்தில் வாங்கியவை அவை. நீர்தாங்கும் வகையாகவும், கால் வழுக்காத சொரசொரப்புடையனவாகவும் தேடியே தெரிந்திருந்தாள். 'அப்பம்மாவின்ரை காலுக்கு ஓடு குளிரும்' என்ற ஒரு சொல்லோடு அவ்விவாதம் முடிந்தது.

புதிய தளம் எதுவாயினும் அதன் நலம் கீழே உள்ளதைப் பொறுத்தது. ஆகவே அவரும், அதே வீதியில் வசித்த வட்டுக்கோட்டைப் பக்கத்து ஓடாவியார் ஒருவரும் பழையதை உரிக்கத் தொடங்கினர். மேல் விரிப்பின் கீழே அதனினும் பழைய விரிப்பொன்று கிடந்தது. அக்காலத்து விரிப்புகள் சிலவற்றின் அடித்தாளில் அஸ்பெஸ்ரோஸ் கலந்திருக்கும். பிரித்தானியாவில் அதன் பயன்பாடு முற்றாகத் தடைசெய்யப்பட்டதே 1999 இல்தான். எனவே சிறு துண்டொன்றை நனைத்து வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு நான்கு நாள் காத்திருந்தனர். அஸ்பெஸ்ரோஸ் இல்லையென்று மறுமொழி வந்தது. ஐந்து வாரத்தில் நான்கு நாள் கழிந்தது.

பலகைகள் வெளிப்பட்டதும் அவர் தாம் ஊரிலிருந்து கொணர்ந்த பழக்கத்தின்படி முதலில் மட்டம் பார்த்தார். நீர்மட்டத்தை எடுக்குமுன்னே பேரனின் போளையொன்றை வாயிலில் வைத்தார். அது தயங்காது உருண்டு, நடுவில் ஒரு மேட்டைச் சுற்றி, தொட்டியின் ஓரத்துக்குப் போய் நின்றது. அளந்து பார்த்தபோது வாயிலுக்கும் தொட்டியோரத்துக்கும் இடையில் 17 மில்லிமீற்றர் வேறுபாடு. அதை முழுவதும் நிமிர்த்தியே தீரவேண்டும் என்று அவர் கருதினார். ஓடாவியார் மறுத்தார். லமினேற் கேட்பது மட்டத்தையன்று, சமத்தையே. முழுத்தளமும் ஒரே சீராகச் சற்றுச் சரிந்திருந்தால் அதற்குக் கேடில்லை. ஆனால் இரண்டு மீற்றர் நீளத்துக்குள் மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மேடோ பள்ளமோ இருந்தால், நடக்குந்தோறும் பலகை அமுங்கியெழுந்து அதன் நாக்குமூட்டு முறியும். மட்டமும் சமமும் ஒன்றன்று என்னும் இவ்வேறுபாடு வாய்க்கால் வெட்டியவருக்குத் தெரியாததன்று. ஆயினும் வீட்டுத் தளத்தில் அதனை எண்ணிப் பார்த்தாரில்லை.

அதற்கப்பால் நிகழ்ந்ததே அவ்வேலையின் உட்பொருள் எனலாம். தொட்டியோரத்துப் பலகைகள் மூன்றினை ஓடாவியார் நெம்பி எடுத்தார். கீழே இருந்த தீராந்திகள் இரண்டின் நுனி கருத்திருந்தது. திருகாணிமுடுக்கியின் முனையை வைத்து அழுத்தினார். பழஞ்சோற்றில் விரல் இறங்குவது போல் அது இறங்கியது. இலண்டனிற் கறையான் இல்லை. மரத்தை அங்குத் தின்பது ஈரமும் அவ்வீரத்தில் வளரும் பூஞ்சணமுமே. அவற்றுள் ஒருவகை உலர்ந்த மரத்துக்கும் செங்கல்லுக்கும் மேலாகப் படர்ந்து வீட்டையே அழிக்கவல்லது. நல்வாய்ப்பாக இஃது அதுவன்று. நனைந்த இடத்தோடு நின்றுவிடும் வகையே.

'ஆர் இதுக்குள்ளை வாளித் தண்ணி வார்த்தது?' என்று ஓடாவியார் கேட்டார்.

அவர் விடை கூறவில்லை. இருபத்தொரு ஆண்டு, நாளொன்றுக்கு ஒரு வாளி. துணியால் துடைத்தது மேலே நின்ற நீரை மட்டுமே. விரிப்பின் விளிம்பிலே இறங்கிய நீரைத் தாயார் அறிந்திருக்க நியாயமில்லை. விழுந்ததற்குக் காரணம் தாமே என்று தாயார் அறிந்தால் அத்துயரம் எலும்பு முறிவிலும் கொடியதாய்விடும் என்றே அவர் மனம் ஓடியது. ஊர்ப்பழக்கத்தை உடனே மாற்றச் செய்திருக்க வேண்டும் என்ற சிறு கோபமும் அதனோடு எழாமலில்லை.

ஓடாவியாரோ அத்துடன் நிற்கவில்லை. 'உது தண்ணியாலை மட்டும் வந்ததில்லை. காத்துப் போயிருந்தால் காய்ஞ்சிருக்கும்,' என்று கூறியவாறு பின்வளவுக்குச் சென்றார். புறச்சுவரின் அடியில் துளைச்செங்கற்கள் மூன்றில் இரண்டு சீமெந்தாற் பூசி அடைக்கப்பட்டிருந்தன. பூச்சு நேர்த்தியாக இருந்தது. மட்டம் பிடித்துப் பழகிய கையின் வேலை. 1997 ஆம் ஆண்டு மார்கழியில், இலண்டனில் தாயாருக்கு முதற் குளிர்காலம். 'தம்பி, நிலத்துக்குள்ளாலை காத்து வருது, காலெல்லாம் விறைக்குது' என்று தாயார் கூறிய மறுநாளே அவர் ஒரு கிண்ணம் சீமெந்தைக் குழைத்து அத்துளைகளை அடைத்திருந்தார். செய்ததை அவர் மறந்தேபோனார். காற்று முழுவதும் நிற்கவுமில்லை; எஞ்சிய ஒரு துளையால் நுழைந்து குழாய்த் துளைகளின் வழியே மேலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அடிவெளியின் அம்மூலையிற் காற்றோட்டம் அற்றுப்போயிற்று. தாயார் வார்த்த நீர் உலர வழியின்றி மரத்திலேயே தங்கியது.

அன்று மாலை அவரே உளியும் சுத்தியலும் எடுத்துச் சென்று இரு செங்கற்களையும் பெயர்த்தெடுத்தார். புதியவற்றைப் பதிக்கும் வேலையையும் ஓடாவியாரிடம் விடவில்லை.

தீராந்திகளின் உளுத்த பகுதியை, கெட்ட இடத்துக்கு அப்பால் நல்ல மரத்திலும் ஓரடிக்கு மேல் உள்ளே சென்று வெட்டி நீக்கினர். நான்கு அங்குல உயரமுள்ள புதிய மரத்தைப் பழைய தீராந்தியோடு ஒட்டவைத்து ஆணிப்பட்டத்தால் இறுக்கினர். சுவரிற் பதியும் நுனிக்கு ஈரம் ஏறாதபடி பிளாஸ்ரிக் தாள் சுற்றப்பட்டது. குளிருக்குப் பரிகாரம் துளையை அடைப்பதன்று. தீராந்திகளின் இடையே நைலோன் வலையைத் தொட்டிலாகக் கட்டி அதன் மேற் கனிமப் பஞ்சை நிரப்பினால், காற்று கீழே தன் வழியே செல்ல, மேலே தளம் குளிராதிருக்கும். இருபதாண்டுகளுக்கு முன் அறியாதிருந்ததை அறுபத்திரண்டாம் வயதில் அவர் கற்றுக்கொண்டார்.

பலகைகள் மீண்டும் திருகாணியால் இறுக்கப்பட்டன. ஆணி நாளடைவில் தளர்ந்து கிறீச்சிடும். திருகாணி அவ்வாறு செய்யாது. இடுக்குகளிலே மெல்லிய மரச்சீவல்களைப் பசை தடவிச் செருகினர். பின்னர் எங்கே காற்று எஞ்சியிருக்கின்றது என்று அறியச் சுவாமியறையிலிருந்து ஊதுபத்தியொன்றை எடுத்து வந்து, கதவைச் சாத்தி, தளத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். புகை நேராக எழுந்தவிடம் நன்று, சாய்ந்தவிடத்தில் வழியுண்டு. மலசலக் குழாயின் அடியிலே புகை கிடையாகப் படுத்தது. இத்தனை செம்மையான கருவி திணைக்களத்திலும் இருந்ததில்லை என்று அவர் கூற, ஓடாவியார் முதன்முறையாகச் சிரித்தார்.

பெப்ரவரியின் கடைசி வாரத்தில் இங்கிலாந்து முழுவதையும் சைபீரியப் பக்கத்துக் குளிர் கவ்வியது. 'கிழக்கின் விலங்கு' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயரிட்டன. பள்ளங்களை நிரப்புதற்கு வாங்கிய நார் கலந்த சமன்படுத்துங் கலவை கடுங்குளிரிற் சரியாக இறுகாது. இரு நாள் வேலை நின்றது. மின்கணப்பை அறையில் வைத்துக் காத்திருந்தனர். அக்குளிரின் நடுவே அவர் வைத்தியசாலைக்குச் சென்றுவந்தார். வேலை எவ்வளவு தூரம் என்று தாயார் கேட்டபோது தீராந்தி பற்றியும் செங்கல் பற்றியும் ஒன்றும் கூறவில்லை. பழைய வீடு, பழைய பலகை என்று மட்டும் கூறினார்.

நடுவிலிருந்த மேடு சீவுளியால் தாழ்த்தப்பட்டது. மேலே 9 மில்லிமீற்றர் பிளைவூட் தகடுகள். 25 மில்லிமீற்றர்த் திருகாணிகளை அரையடிக்கு ஒன்றாக முடுக்கினர். பழைய பலகையின் தடிப்பு 20 மில்லிமீற்றர் ஆதலால் முனை கீழே நீண்டு நீர்க்குழாயைத் துளைக்காது. மட்டப்பலகையை எத்திசையில் வைத்தாலும் அதன் கீழே ஒரு நாணயமும் நுழையவில்லை. ஈரந்தடுக்கும் அடிவிரிப்பும் லமினேற்றும் இடுவதற்கு ஒரே நாள் போதுமாயிருந்தது. சுவரோரம் எங்கும் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதனைச் சிலிக்கோனால் நிரப்பினர். ஆயத்தத்துக்கு நான்கு வாரம். தளத்துக்கு ஒரு நாள்.

இறுதியில் வாயிலில் ஒரு சிக்கல் எஞ்சியது. பிளைவூட்டும் அடிவிரிப்பும் லமினேற்றும் சேர்ந்து தளத்தை 20 மில்லிமீற்றர் உயர்த்திவிட்டன. நடைச்சட்டத்தின் காலுக்கு அது மதிலுக்குச் சமம். அவர் கடதாசித் துண்டொன்றை எடுத்துக் கணக்கிட்டார். பன்னிரண்டுக்கு ஒன்று. அஃதாவது 24 சென்ரிமீற்றர் நீளமுள்ள மரக்கட்டையொன்றைச் சரிவாகச் சீவி வாயிலின் வெளிப்புறத்தில் வைத்தல் வேண்டும். அக்கட்டையை ஓடாவியாரிடம் கொடாமல் தாமே இரவில் அமர்ந்து சீவினார். இரணைமடுவுக்குப் பின் அவர் கொடுத்த முதல் வாட்டம் அது.

மார்ச் மாதம் 16 ஆம் திகதி தாயார் வீடு வந்தார். நடைச்சட்டத்தின் முன்கால்கள் சரிவில் ஏறித் தளத்தை அடைந்தன. தாயார் குனிந்து தளத்தை நெடுநேரம் நோக்கினார். வெறுங்காலைச் செருப்பிலிருந்து விடுவித்து ஊன்றிப் பார்த்தார்.

'குளிரேல்லை,' என்றார். பின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'தண்ணி எங்காலை ஓடும், தம்பி?' என்று கேட்டார்.

'ஓடாதம்மா. இதிலை தண்ணி படக்கூடாது.'

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. 'அப்ப முந்தியும் படக்கூடாதோ?'

'முந்தி நான் வெளியிலை காத்துப் போற ஓட்டையைச் சீமெந்தாலை அடைச்சுப்போட்டன், அம்மா. அதாலைதான் பலகை பழுதாப் போச்சு,' என்றார் அவர்.

தாயார் அவரை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரோ இல்லையோ அறியக்கூடவில்லை. தொட்டிக்குள்ளே இருக்கையொன்று பொருத்தப்பட்டிருந்தது. கைப்பிடியுடன் நீர்த்தூவியும் இருந்தது. அவற்றைத் தாயார் பொருட்படுத்தவில்லை. கதவின் பின்னே கவிழ்ந்து கிடந்த பழைய வாளியைச் சுட்டி, அதை எடுத்துத் தொட்டிக்குள்ளே இருக்கையின் பக்கத்தில் வைக்கும்படி கூறினார். அவர் வைத்தார். சருவச்சட்டியையும் கேட்டு வாங்கி, வாளிக்குள் தம் கையாலேயே இட்டார்.